4 வெற்றி, 28 தோல்வி: லூயிவில் அணிக்கு என்ன ஆயிற்று?

2022 நவம்பர் 9, புதன்கிழமை இரவு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரம். 22,000 பேர் உட்காரக்கூடிய யம் சென்டர் அரங்கில் லூயிவில் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி அந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு இறங்கியது. எதிரணி பெல்லார்மைன். அதே ஊரில் சில மைல் தள்ளி இருக்கும் சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 2020இல்தான் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1க்கே வந்தது. உயரம், வேகம், உடல் பலம், எதை எடுத்தாலும் லூயிவில் வீரர்களின் கை ஓங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் பெல்லார்மைன் 67, லூயிவில் 66.

அடுத்த ஆட்டம் ரைட் ஸ்டேட் அணியோடு. கடைசி நொடியில் ட்ரே கால்வின் போட்ட ஷாட் விழுந்தது, 73-72. மூன்றாவது அப்பலாச்சியன் ஸ்டேட். 61-60 என்று பின்தங்கிய நிலையில் லூயிவில்லின் எல் எல்லிஸ் கடைசியாகப் போட்ட பந்து வளையத்துக்குள் போய்விட்டது. ஆனால் மணி அடித்த பிறகுதான் பந்து கையை விட்டது என்று வீடியோவைப் பார்த்த நடுவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். மூன்று ஆட்டம், மூன்றிலும் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. கேட்டவர்கள் எல்லோரும் துரதிர்ஷ்டம் என்றார்கள்.

அப்புறம் ஹவாயில் மவுயி தொடர். ஆர்கன்சாவிடம் 80-54. டெக்சாஸ் டெக்கிடம் 70-38. சின்சினாட்டியிடம் 81-62. அதற்குமேல் துரதிர்ஷ்டம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 40 நிமிட ஆட்டத்தில் 38 புள்ளி என்றால் நிமிடத்துக்கு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

முதல் 9 ஆட்டமும் தோல்வி. டிசம்பர் 14இல் வெஸ்டர்ன் கென்டக்கியை 94-83 என்று வென்றதுதான் முதல் வெற்றி. சீசன் முடிவில் 4 வெற்றி, 28 தோல்வி. அந்த அணியின் நூறு வருடத்தைத் தாண்டிய வரலாற்றில் ஒரே சீசனில் இத்தனை தோல்வி வந்ததே இல்லை. வெளியூரில் ஒரு வெற்றிகூடக் கிடையாது.

இது சாதாரண அணி என்றால் இதைப் பற்றி எழுதவே வேண்டியிருக்காது. லூயிவில் 1980, 1986 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்ற அணி. 2013இலும் வென்றது, அந்தப் பட்டம் விதிமீறலுக்காக 2018இல் பறிக்கப்பட்டது. 1971 முதல் 2001 வரை 30 வருடம் டென்னி க்ரம் கட்டி எழுப்பிய அணி. முகமது அலி பிறந்த ஊர் அது. அந்த ஊரில் தொழில்முறை என்.பி.ஏ. அணி கிடையாது. கல்லூரி அணிதான் ஊருக்கே சொந்த அணி. அந்த சீசன் முடிந்த இரண்டு மாதத்தில், 2023 மே 9 அன்று, க்ரம் காலமானார். அவர் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனது இந்த அணியைத்தான் என்று நினைக்கும்போது உண்மையிலேயே மனசு கனக்கிறது.

சீசன் முழுக்க ரசிகர்களும் டிவி வர்ணனையாளர்களும் சொன்ன காரணம் இரண்டு: திறமையான ஆட்கள் இல்லை, ஷூட்டிங் வரவில்லை. இரண்டுமே பாதி உண்மை. ஷூட்டிங் கெட்டதற்குக் காரணம் ஷூட் செய்தவர்களின் கை என்று நான் நினைக்கவில்லை. பந்தைக் கொண்டுவந்து, எதிரணியைக் கலைத்து, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுக்க அந்த அணியில் ஆள் இல்லை. திறமைக் குறை என்று பேசப்பட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு குறைதான்.

ஆள் எப்படிக் குறைந்தது

கதை 2017இல் தொடங்குகிறது. கல்லூரிக் கூடைப்பந்தில் வீரர்களைச் சேர்க்கப் பணம் கைமாறுவதை எஃப்.பி.ஐ. விசாரித்தபோது லூயிவில் பெயரும் அடிபட்டது. பயிற்சியாளர் ரிக் பிட்டினோ அந்த அக்டோபரில் நீக்கப்பட்டார். அதையொட்டி நடந்த கல்லூரி விளையாட்டு விதிமீறல் வழக்கின் தீர்ப்பு வந்தது 2022 நவம்பர் 3 அன்று, பெல்லார்மைன் ஆட்டத்துக்கு ஆறே நாள் முன்னால். தேசியப் பட்டத்துக்காக நடக்கும் மார்ச் தொடரில் ஆடத் தடை எதுவும் விதிக்கப்படவில்லை. தண்டனை லேசானது, ஆனால் அதற்குள் ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த அணிக்குப் போனால் மார்ச் தொடரில் ஆட விடுவார்களா என்ற கேள்விக்கு அந்த ஐந்து வருடமும் பள்ளி வீரர்களுக்கோ அவர்கள் பெற்றோருக்கோ உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நல்ல வீரனுக்கு வேறு பத்துக் கல்லூரிகள் காத்திருக்கும்போது அவன் ஏன் இங்கே வர வேண்டும்?

அடுத்து வந்த கிறிஸ் மேக் 2022 ஜனவரியில், சீசன் நடுவிலேயே விலகினார். அந்த சீசன் 13-19 (13 வெற்றி, 19 தோல்வி) என்று முடிந்தது. மார்ச்சில் கென்னி பெய்ன் வந்தார். 1986 பட்டம் வென்ற லூயிவில் அணியில் முதலாண்டு மாணவராக ஆடியவர். பிறகு பக்கத்து ஊர்ப் பரம எதிரியான கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜான் கலிப்பாரியிடம் பத்து வருடம் உதவிப் பயிற்சியாளர். அங்கிருந்து என்.பி.ஏ.வுக்குப் போன உயரமான வீரர்கள் பலரைத் தயார்செய்தவர் என்று பெயர். அதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆனாலும் தன் ஊர்ப் பிள்ளை திரும்பி வந்தது போல நகரமே கொண்டாடியது. உதவிக்கு வந்தவர்களும் லேசான ஆட்கள் இல்லை. டியூக்கிலிருந்து நோலன் ஸ்மித் வந்தார். அவர் அப்பா டெரெக் ஸ்மித் 1980 பட்டம் வென்ற லூயிவில் அணியில் ஆடியவர். 1988இல் கேன்சஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த டேனி மேனிங்கும் வந்தார்.

வீரர்கள் பட்டியலில்தான் ஓட்டை விழுந்தது. முந்தைய வருடம் பந்தைக் கொண்டுவந்த ஜாரட் வெஸ்ட் படிப்பு முடிந்து போய்விட்டார். மூன்று புள்ளி ஷாட்டுக்குப் பெயர் போன நோவா லாக் பிராவிடென்ஸுக்கு மாறினார். ட்ரே டேவிஸ் சீட்டன் ஹாலுக்கும், சாமுவேல் வில்லியம்சன் எஸ்.எம்.யு.வுக்கும் போனார்கள். 2021இலிருந்து கல்லூரி வீரர்கள் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பட்டியலில் பெயர் கொடுத்து, ஒரு வருடம் உட்காராமலே இன்னொரு கல்லூரிக்கு மாறி ஆடலாம். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். சீசன் முடிந்ததும் ஒரு சந்தையே நடக்கிறது. போனவர்களின் இடத்தை அங்கேதான் நிரப்ப வேண்டும்.

அந்தச் சந்தையில் பெய்ன் பிடித்த பெரிய பெயர் ஒன்றே ஒன்று: டென்னசியிலிருந்து வந்த பிராண்டன் ஹன்ட்லி-ஹாட்ஃபீல்ட். அவர் வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர். ஏற்கெனவே இருந்த சிட்னி கரி, ஜே.ஜே. டிரெய்னர், ரூஸ்வெல்ட் வீலர், ஜேலின் விதர்ஸ் எல்லோருமே முன்வரிசை ஆட்கள். வெளியிலிருந்து பந்தைக் கொண்டுவரும் கார்டு என்று பார்த்தால் எல்லிஸ் மட்டும். அவருக்கு மாற்றாக இறங்க அனுபவமுள்ள இன்னொரு கார்டு கிடையாது.

பெய்ன் ஒரு கார்டுக்காகக் காத்திருந்தார் என்பதும் ஊரறிந்த விஷயம். டி.ஜே. வாக்னர், நாட்டின் முதன்மையான பள்ளி வீரர்களில் ஒருவர். அவர் தாத்தா மில்ட் வாக்னர் 1986 அணியில் பெய்னோடு சேர்ந்து ஆடியவர். மில்ட்டை லூயிவில் நிர்வாகக் குழுவிலேயே பெய்ன் சேர்த்துக்கொண்டார். ஆனால் டி.ஜே.யின் அப்பா டஜுவான் மெம்ஃபிஸில் ஆடியபோது அவருக்குப் பயிற்சியாளர் கலிப்பாரி. 2022 நவம்பர் நடுவில், லூயிவில் அந்த ஒரு புள்ளித் தோல்விகளில் தவித்துக்கொண்டிருந்தபோது, பேரன் கென்டக்கியைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு பந்து வீணாவது எப்படி

எல்லிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த சீசனில் அதிகம் திட்டு வாங்கியவர் அவர். டல்லஹாசியில் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் ஆடிவிட்டு லூயிவில் வந்தவர். இயல்பிலேயே புள்ளி எடுக்கும் ஆள். வேகமாக உள்ளே புகுவார், நின்ற இடத்தில் எழும்பி ஷாட் போடுவார். ஆட்டத்துக்குச் சராசரியாக 17.7 புள்ளி எடுத்தார். இவ்வளவு மோசமான அணியில், எதிரணியின் மொத்தக் கண்ணும் தன்மேல் இருக்கும்போது எடுத்தது அது. ஆனால் அவர் ஆட்டத்தை நடத்தி மற்றவர்களுக்குப் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் பாயிண்ட் கார்டு இல்லை. அந்த வேலை அவர் தலையில் விழுந்தது.

ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. கல்லூரி ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தால் 30 நொடிக்குள் ஷாட் போட வேண்டும். எல்லிஸ் பந்தை ஏந்திக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுவார். எதிரணியின் ஒருவன் முகத்துக்கு நேரே வந்து நிற்பான். சக வீரன் ஸ்க்ரீன் வைக்க, அதாவது அந்தக் காவல்காரனின் வழியில் நின்று மறிக்க வருவான், அந்தச் சக வீரனைக் காவல் காக்கிறவனும் சேர்ந்து வந்து எல்லிஸை இருவராக மறிப்பார்கள். நல்ல அணியில் இந்த நொடியில் பந்து மூன்றாவது ஆளுக்குப் போகும், அங்கிருந்து நான்காவது ஆளுக்கு. இருவர் ஒருவனை மறித்தால் மிச்சம் இருக்கும் நாலு பேரை மூன்று பேர்தான் காக்க முடியும், யாரோ ஒருவன் தனியாக நிற்பான். லூயிவில்லில் பந்து வாங்கிய மூன்றாவது ஆள் முன்வரிசைக்காரன். வளையத்திலிருந்து 25 அடி தூரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போய் அடுத்த பாஸ் கொடுக்கப் பழகாதவன். ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடியில் எதிரணி மீண்டும் தன் இடத்துக்குப் போய்விடும். பந்து எல்லிஸிடமே திரும்பும். கடிகாரத்தில் 8 நொடி இருக்கும். அதற்குமேல் மிச்சம் இருப்பது, கை மறித்து நிற்கும்போதே எம்பிப் போடும் ஒரு ஷாட்.

அந்த ஷாட் விழாவிட்டால் கணக்கில் எல்லிஸின் தவறிய ஷாட் என்று ஏறும். ஷூட்டிங் சதவீதம் குறையும். மறுநாள் செய்தியில் மீண்டும் ஷூட்டிங் சொதப்பல் என்று வரும்.

அதே ஷாட்டைப் போட்டிருக்கக்கூடிய நல்ல கைகள் அந்த அணியில் இருந்தன. விதர்ஸ் அந்த சீசனில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட ஷாட்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உள்ளே போட்டார். எந்த அணியிலும் அது நல்ல எண்ணிக்கை. மைக் ஜேம்ஸ் 2021இல் குதிகால் தசைநாண் அறுந்து ஒரு முழு சீசனை இழந்துவிட்டு வந்தவர். வந்த முதல் வருடமே தைரியமாக ஷூட் செய்தார். கைகள் இருந்தன, அந்தக் கைகளுக்குக் காலியான இடத்தில் பந்து வரவில்லை. வந்ததும் குறைவு.

சீசன் முழுக்க லூயிவில் போட்ட அசிஸ்ட்டைவிடக் கோட்டைவிட்ட டர்ன்ஓவர் ரொம்ப அதிகம். ஒரு கூடைக்கு முந்தைய பாஸ்தான் அசிஸ்ட், ஷாட் போடாமலே பந்தை இழப்பது டர்ன்ஓவர். நல்ல அணிகளில் அசிஸ்ட் அதிகமாகவும் டர்ன்ஓவர் குறைவாகவும் இருக்கும். பெரிய லீக்கில் ஆடும் அணிக்கு இது தலைகீழாகப் போவது அபூர்வம். என்னைக் கேட்டால் அந்த சீசனின் மொத்த விளக்கமும் இந்த ஒரு விகிதத்துக்குள் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் தலா 70 முறை பந்து கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), ஃபவுல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவோம். முதல் அணி 16 முறை பந்தை இழக்கிறது, 54 ஷாட் போடுகிறது. இரண்டாவது அணி 10 முறைதான் இழக்கிறது, 60 ஷாட். இரண்டு அணிக்கும் ஒரே ஷூட்டிங் திறமை, 45 சதவீதம், எல்லாமே இரண்டு புள்ளி ஷாட். முதல் அணிக்கு 24 கூடை, 48 புள்ளி. இரண்டாவதுக்கு 27 கூடை, 54 புள்ளி. கையில் ஒரு வித்தியாசமும் இல்லாமலே ஆறு புள்ளி போய்விட்டது. லூயிவில்லின் முதல் மூன்று ஆட்டமும் எத்தனை புள்ளியில் போயின என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். பறிகொடுத்த பந்தை எடுத்துக்கொண்டு எதிரணி மறுமுனைக்கு ஓடி, காவலே இல்லாத வளையத்தில் லே-அப் (பக்கத்தில் போய் எளிதாகப் போடும் ஷாட்) போடுவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இதனால்தான் பெல்லார்மைன் ஆட்டம் என் கண்ணில் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் பயிற்சியாளர் ஸ்காட் டாவன்போர்ட் லூயிவில் நகரத்துக்காரர். க்ரம், பிட்டினோ இருவரிடமும் லூயிவில் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய அணி ஆடும் முறையில் யாரும் பந்தை நெடுநேரம் வைத்திருப்பதில்லை. ஐந்து பேரும் வெட்டி ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒருவன் ஓடி காலிசெய்த இடத்தில் இன்னொருவன் வந்து நிற்பான். அவர்கள் போடும் ஷாட்களில் நிறைய, பக்கத்தில் யாருமே இல்லாமல் போடும் லே-அப். பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடாத வீரர்களை வைத்து ஆடும் ஆட்டம் அது. லூயிவில்லுக்கு என்ன இல்லை என்பதை சீசனின் முதல் இரவிலேயே, அதே ஊர்க்காரர்கள், அதே மைதானத்தில் ஆடிக் காட்டிவிட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. அக்டோபர் 30 அன்று கணக்கில் சேராத பயிற்சி ஆட்டம் ஒன்றில், டிவிஷன் 2 அணியான லெனாய்ர்-ரைனிடம் லூயிவில் 57-47 என்று தோற்றது. பயிற்சி ஆட்டம்தானே என்று கடந்துபோக முடியும். ஆனால் 47 புள்ளி என்ற எண்ணிக்கை அப்போதே கவலைப்பட வைத்திருக்க வேண்டியது.

பாதுகாப்பு ஆட்டமும் மோசம்தான். பந்தைப் பறிகொடுத்துவிட்டுப் பின்னால் ஓடும் அணிக்குக் காவல் வரிசை கட்ட நேரம் ஏது? அதை இங்கே தனியாக நீட்ட விரும்பவில்லை.

பிப்ரவரியில் இரண்டு நல்ல இரவுகள் வந்தன. பிப்ரவரி 1 அன்று ஜார்ஜியா டெக்கை 68-58, 18ஆம் தேதி கிளெம்சனை 83-73. கிளெம்சன் அந்த வருடம் லூயிவில்லும் ஆடும் ஏ.சி.சி. லீக்கில் 14 ஆட்டம் வென்ற நல்ல அணி. அப்படியும் மார்ச் தொடருக்கு அழைப்பு வரவில்லை. லூயிவில்லிடம் தோற்றது அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இந்த வீரர்களால் நல்ல அணியை வெல்ல முடியும் என்பதற்கு அந்த இரவே சாட்சி.

இரண்டாவது வருடம்

2023 கோடையில் பெய்ன் பட்டியலைத் திருத்தினார். இல்லினாயிலிருந்து ஸ்கை கிளார்க், யு.எஸ்.சி.யிலிருந்து ட்ரே வைட் வந்தார்கள். ஏழு அடி உயர டெனிஸ் எவன்ஸ், புரூக்லினிலிருந்து குள்ளமான, துடிப்பான கார்டு டை-லோர் ஜான்சன் என்று புதிய பள்ளி வீரர்களும் சேர்ந்தார்கள். பெரிதும் நம்பியிருந்த ட்ரென்டின் ஃப்ளவர்ஸ் ஆகஸ்டிலேயே கிளம்பி ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அணிக்குப் போய்விட்டார். அது பெரிய அடி. ஆனாலும் முந்தைய வருடத்தைவிட இது வலுவான கூட்டம், இதில் சந்தேகமே இல்லை.

விளைவு 8 வெற்றி, 24 தோல்வி. மறுபடியும் பயிற்சி ஆட்டத்தில் டிவிஷன் 2 அணியான கென்டக்கி வெஸ்லியனிடம் தோல்வி. சட்டனூகாவிடம் 81-71, ஆர்கன்சா ஸ்டேட்டிடம் 75-63. டிசம்பரில் டிபாலிடம் 75-68. அந்த டிபால் அணி அந்த சீசன் முழுவதும் வென்றது மொத்தம் மூன்றே ஆட்டம், அதில் ஒன்று இது. நடுவில் நியூயார்க்கில் டெக்சாஸிடம் 81-80 என்று கடைசி வரை போராடினார்கள். ஜனவரியில் மயாமியை அவர்கள் ஊரிலேயே 80-71 என்று வென்றார்கள். பெய்ன் பதவிக்காலத்தில் எதிரணியின் மைதானத்தில் கிடைத்த முதல் வெற்றி அது.

முதல் வருடத்துக்கு நான் பெய்ன் பக்கம் நின்று வாதாடுவேன். விசாரணை நிழல், காலியான பட்டியல், தாமதமான தொடக்கம், எல்லாம் உண்மை. இரண்டாவது வருடத்துக்கு அந்த வாதம் எடுபடாது. தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. பத்துப் புள்ளிக்கு மேல் சராசரி எடுக்கத் தெரிந்த ஆட்கள் நாலு பேர் கையில் இருந்தார்கள். ஆனால் ஆட்டம் மாறவில்லை. ஒருவர் பந்தை வாங்கித் தனக்கு ஒரு ஷாட் தேடுவார், மற்ற நால்வர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருகிற ஆள் மாறினாலும் பந்து ஓடும் பாதை அப்படியே இருந்தது.

அந்த வீரர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பதைப் பார்த்தால் திறமை இல்லை என்ற பேச்சு எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும். எல்லிஸ் ஆர்கன்சாவுக்கு. விதர்ஸ் நார்த் கரோலினாவுக்கு. கிளார்க் யு.சி.எல்.ஏ.வுக்கு. வைட் இல்லினாய்க்கு. மைக் ஜேம்ஸும் ஹன்ட்லி-ஹாட்ஃபீல்டும் என்.சி. ஸ்டேட்டுக்கு. உதவாக்கரை வீரர்களை இந்த மாதிரிக் கல்லூரிகள் எடுப்பதில்லை.

2024 மார்ச் 13 அன்று பெய்ன் நீக்கப்பட்டார். இரண்டு வருடக் கணக்கு 12 வெற்றி, 52 தோல்வி.

கெல்சியின் கோடை

மார்ச் கடைசியில் பேட் கெல்சி வந்தார். சார்ல்ஸ்டன் கல்லூரி அணியை அதற்கு முந்தைய இரண்டு சீசனில் 31-4, 27-8 என்று நடத்தியவர். அவர் வந்தபோது லூயிவில் பட்டியலில் உதவித்தொகை பெறும் வீரர் ஒருவரும் மிஞ்சவில்லை. சுத்தமாகக் காலி. பெய்னுக்கு 2022இல் இருந்ததைவிட மோசமான தொடக்கம் என்றே சொல்லலாம். சரி, விசாரணை முடிந்திருந்தது, அது பெரிய வித்தியாசம். இரண்டு வருடம் அவமானப்பட்ட ஊர், கொடையாளிகளும் கை திறந்து கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் அந்த வாய்ப்பை வைத்து யாரைத் தேடினார் என்பதுதான் நான் கவனித்தது. விஸ்கான்சினில் மூன்று வருடம் பாயிண்ட் கார்டாகத் தொடங்கிய சக்கி ஹெப்பர்ன். வாஷிங்டனிலிருந்து இன்னொரு கார்டு, கோரன் ஜான்சன். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து டெரன்ஸ் எட்வர்ட்ஸ், பந்தைத் தானே கொண்டுவந்து ஷாட் உருவாக்கக்கூடிய உயரமான பக்கவாட்டு வீரர். தன்னோடு சார்ல்ஸ்டனிலிருந்து ஆஸ்திரேலியக்காரர் ரெய்ன் ஸ்மித், வேலையே மூன்று புள்ளி ஷாட் போடுவது. கொலராடோவிலிருந்து ஜெ'வான் ஹாட்லி, வெட்டி ஓடுவதிலும் ரீபவுண்டிலும் கெட்டிக்காரர். பெரும்பாலோர் மூன்று, நான்கு வருடம் கல்லூரி ஆட்டம் பார்த்த மூத்தவர்கள். பந்தைக் கையாளத் தெரிந்தவர் ஒருவர் வெளியே உட்கார்ந்தால் இன்னொருவர் எப்போதும் உள்ளே இருப்பார். 2022இல் இல்லாமல் போனது அதுதான்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நவம்பர் 9 அன்று, பெல்லார்மைன் தோல்விக்குச் சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே யம் சென்டரில் டென்னசி இவர்களை 77-55 என்று அடித்தது. வெளியிலிருந்து போட்டது போட்டபடி வளையத்தில் பட்டுத் தெறித்தது. பஹாமாஸ் தொடரில் இந்தியானாவை 89-61 என்று துவைத்துவிட்டு, இறுதி ஆட்டத்தில் ஒக்லஹோமாவிடம் தோற்றார்கள். அதில் கசியன் பிரையரின் முழங்கால் தசைநார் கிழிந்து சீசனே முடிந்தது. கோரன் ஜான்சனையும் தோள்பட்டை காயம் உட்கார வைத்துவிட்டது. டிசம்பர் 14இல் கென்டக்கியிடம் 93-85 என்று தோற்றபோது கணக்கு 6-5.

இந்த இடத்தில் பெய்ன் கால அணி ஒடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கெல்சி ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, ஷாட்டைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. ஹெப்பர்ன் ஸ்க்ரீனைத் தாண்டி உள்ளே புகுவார், காவல் சுருங்கும், பந்து வெளியே மூலையில் நிற்பவனுக்குப் போகும். அவன் தயங்காமல் போடுவான், இல்லையென்றால் அடுத்தவனுக்குத் தள்ளுவான். அந்த அணியில் எல்லோரும் குறி தவறாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். பி.ஒய்.யு.விலிருந்து ஷூட்டர் என்று எடுத்து வந்த நோவா வாட்டர்மேனுக்கு எதிர்பார்த்த அளவு விழவே இல்லை. ஆனால் தவறிய ஷாட்டும் காலி இடத்திலிருந்து போட்ட ஷாட். அப்படிப்பட்ட ஷாட்டைத் தொடர்ந்து போட்டால் ஒரு நாள் தவறும், அடுத்த நாள் விழும். ஜனவரியில் எஸ்.எம்.யு.வோடு ஆடியபோது ஸ்மித் ஒருவரே பத்து மூன்று புள்ளி ஷாட் போட்டார்.

6-5க்குப் பிறகு ஆடிய 24 ஆட்டத்தில் 21 வெற்றி. லீக்கில் 18-2. மொத்தக் கணக்கு 27-8. லீக்கின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் முதல் அணியில் ஹெப்பர்ன் இடம்பிடித்தார், கெல்சி லீக்கின் சிறந்த பயிற்சியாளர். லீக் இறுதியில் டியூக்கிடம் 73-62 என்று தோல்வி. மார்ச் தொடரில், அதுவும் கென்டக்கியின் கோட்டையான லெக்சிங்டனில், கிரைட்டனிடம் 89-75 என்று முதல் சுற்றிலேயே வெளியே. அந்த முடிவு வலித்தது. ஹெப்பர்ன், எட்வர்ட்ஸ், ஸ்மித் மூவருக்கும் கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது. கெல்சி மீண்டும் ஆள் தேட வேண்டியிருந்தது.

2025-26 சீசனுக்கு அவர் சேர்த்த பெரிய பெயர்கள் மூன்று. மிக்கேல் பிரௌன், நாட்டின் மிகச் சிறந்த பள்ளி பாயிண்ட் கார்டுகளில் ஒருவர். சேவியரிலிருந்து ரயன் கான்வெல், கார்டு. வர்ஜீனியாவிலிருந்து ஐசக் மெக்நீலி, அவரும் கார்டுதான், மூன்று புள்ளி ஷாட்டில் லீக்கே அஞ்சும் கை.